காசு வேண்டாம் முதலாளி, வேலை இருக்குதா?

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில் மாதத்துக்கு இரண்டு தடவையாவது எனது லொறி போகும். வவுனியாவில் ஏற்றும் பிளாஸ்டிக் சாமான், சவர்க்காரம், பிஸ்கட், பொலித்தீன் பை எல்லாம் முரசுமோட்டை, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கடைகடையாக இறங்கும். பற்றுக் காசு நிலுவையில் நின்றால் நானும் கூடப் போவேன். கடன் கேட்கப் போகிறவன் கண்ணுக்குத்தான் ஊர் நிலைமை சரியாகத் தெரியும் என்பது நமது வியாபாரிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அண்மையில் தர்மபுரத்தில் ஒரு பழைய வாடிக்கையாளரின் கடையில் இறங்கினேன். அருகில் ஒரு சிறிய மண்டபம். மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி கொடுத்து வேலை தேடிக் கொடுக்கும் ஒரு சங்கத்தின் இடம் அது. வாசலில் இருந்த பெயர்ப் பலகையில் உதவி செய்த நிறுவனங்களின் சின்னங்கள் வெயிலில் வெளுத்துப் போயிருந்தன. உள்ளே ஏழு தையல் மெஷின்கள், மேலே துணி போட்டு மூடியிருந்தன. கதிரையில் இருந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க இணைப்பாளர். அவருக்கும் ஒரு கால் செயற்கைக் கால். திட்டம் முடிந்து விட்டதாம். சம்பளம் இல்லை. ஆனாலும் தினமும் வந்து கதவைத் திறக்கிறார்.

பேசிக் கொண்டிருந்து விட்டு எழும்பும்போது வழக்கம் போல சட்டைப் பையில் கையை வைத்தேன். அவர் தடுத்து விட்டார். "முதலாளி, காசு வேண்டாம். காசு தந்தவை எல்லாரும் போட்டினம். உங்கட கடையில ஒரு வேலை இருக்குதோ எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வியாபாரம் செய்கிறேன். தர்மம் கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பியதாக ஞாபகம் இல்லை. ஆனால் வேலை கேட்டு வந்த ஒரு மாற்றுத்திறனாளியிடம் "பாவம், உங்களால முடியாது தம்பி" என்று சொல்லி நூறு ரூபா கொடுத்து அனுப்பியது நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அன்று அதை நன்மை என்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்க முடியவில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சங்கத்தைப் போன்ற அமைப்புக்களைப் பற்றியது. அவை மாற வேண்டிய காலம் வந்து விட்டது. அந்த மாற்றத்தில் வியாபாரிகளாகிய நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். 2009 ஜனவரியில் கிளிநொச்சியும் தர்மபுரமும் அடுத்தடுத்து இராணுவத்தின் வசம் வந்தன. மே மாதத்தில் போர் முடிந்தது. அதற்குப் பிறகு வன்னிக்கு வராத தொண்டு நிறுவனம் இல்லை எனலாம். வீடு, மலசலகூடம், கிணறு, ஆடு, கோழி, தையல் மெஷின் எல்லாம் வந்தன. கை கால் இழந்தவர்களுக்கும் பார்வை போனவர்களுக்கும் பயிற்சிகள் நடந்தன. அன்று அது தேவையாகத்தான் இருந்தது. அந்த நிறுவனங்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் வெளிநாட்டுக் காசு எந்த நாட்டிலும் நிரந்தரமாக நிற்பதில்லை. புதிய போர்கள் வந்த இடத்துக்கு அது போய் விடும். 2022இல் நமது நாடே வங்குரோத்து நிலைக்குப் போனது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவியை ஒரே கையெழுத்தில் நிறுத்தியது. அதே வருடம் ஜூலையில் யூ.எஸ்.எயிட் நிறுவனமே இழுத்து மூடப்பட்டது. அறுபது வருடத்துக்கு மேல் உலகம் முழுவதும் கை நீட்டிய ஒரு கடைக்கே பூட்டு விழுந்தது என்றால், அதன் சில்லறைக் கிளைகளின் கதியைச் சொல்ல வேண்டுமா?

காயப்பட்டவர்கள் மட்டும் எங்கும் போகவில்லை. 2009இல் இருபது வயதில் காலை இழந்தவருக்கு இன்று முப்பத்தாறு, முப்பத்தேழு வயது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். செயற்கைக் காலை ஒரு முறை பொருத்தி விட்டால் ஆயுளுக்கும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. சில வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். 1987 முதல் யாழ்ப்பாணத்தில் இயங்கி வரும் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்கள் இல்லாவிட்டால் எத்தனையோ பேர் படுக்கையில் கிடந்திருப்பார்கள். ஆனால் கால் கிடைத்த பிறகு அந்தக் காலால் எங்கே நடந்து போவது? வேலைக்குத்தானே போக வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது? அரசாங்க சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் நிரப்பப்படும் வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை 1988இல் வந்தது. 1996இல் அவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2003இல் தேசியக் கொள்கை வந்தது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை 2016இல் நாடு ஏற்றுக் கொண்டது. கடதாசியில் குறை இல்லை. ஆனால் தனியார் துறைக்கு அந்த 3 வீதம் கட்டாயம் இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்கு, அதாவது பதினாறு இலட்சம் பேருக்கு, ஏதோ ஒரு இயலாமை இருக்கிறது. இத்தனை பேருக்கும் அரசாங்கம் வேலை கொடுக்குமா? நடக்கிற காரியமா? வேலை இருக்கும் இடம் நமது கடையும் களஞ்சியமும் பட்டறையும்தான்.

நிவாரணத்தைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்து உலருணவு நிவாரணத்துக்கு வரிசையில் நின்றவன் நான். அந்த அரிசி எங்கள் உயிரைக் காப்பாற்றியது. அதை மறுத்தால் நன்றி கெட்டவனாவேன். ஆனால் எங்களை நிமிர்த்தியது அந்த அரிசி அல்ல. புத்தளத்து முதலாளி ஒருவர் என் வாப்பாவை முன்பின் தெரியாமலே இரண்டு மூட்டை சாமானைக் கடனுக்குத் தந்து "வித்துட்டு வந்து கணக்கு முடிங்க" என்றார். அன்றுதான் வாப்பா மறுபடி வியாபாரியானார். நிவாரணம் தருபவர் நம்மைப் பசித்த வயிறாகப் பார்க்கிறார். கடன் தருபவர் நம்மை ஒரு மனிதனாக நம்புகிறார். தர்மபுரத்து இணைப்பாளர் கேட்டது அந்த நம்பிக்கையைத்தான்.

இந்த மாற்றம் நமக்கு மட்டும் வந்த ஒன்றல்ல. பிரித்தானியாவில் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ரெம்ப்ளோய் என்ற அரச நிறுவனம் உருவானது. போரில் காயப்பட்டவர்களுக்கும் ஏனைய ஊனமுற்றவர்களுக்கும் தனித் தொழிற்சாலைகள் கட்டி வேலை கொடுத்தார்கள். முதல் தொழிற்சாலை 1946இல் வேல்ஸில் திறக்கப்பட்டது. பல தலைமுறை அதில் உழைத்தது. ஆனால் அரசாங்கத்தின் மானியத்தில் தங்கியிருந்ததால், மானியக் கொள்கை மாறியவுடன் 2012, 2013ஆம் ஆண்டுகளில் அந்தத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வெளியே வந்தவர்களில் பலருக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை நடத்தினால் இதுதான் முடிவு.

அவுஸ்திரேலியாவில் வேறு முறை. மாற்றுத்திறனாளிக்கு வேலை தேடிக் கொடுக்கும் நிறுவனங்களோடு அரசாங்கம் ஒப்பந்தம் செய்கிறது. வேலையில் சேர்த்து விட்டால் மட்டும் போதாது. நான்கு வாரம், பதின்மூன்று வாரம், இருபத்தாறு வாரம் என்று அவர் வேலையில் நின்று பிடித்தால் நிறுவனத்துக்கு அதற்கெனத் தனியாகக் கட்டணம் என்று வைத்திருந்தார்கள். 2025 நவம்பர் 1ஆம் திகதி அந்தத் திட்டத்தையும் மாற்றி, இன்க்ளூசிவ் எம்ப்ளோய்மன்ட் அவுஸ்திரேலியா என்ற புதிய திட்டத்தைத் தொடங்கினார்கள். வாரத்துக்கு எட்டு மணித்தியாலம் கூட வேலை செய்ய முடியாதவர்களும் இதில் சேரலாம். முன்பிருந்த இரண்டு வருட எல்லையும் எடுக்கப்பட்டது. ஆனால் நிறுவனங்கள் எல்லாம் புதிதாக விலைமனுப் போட வேண்டியிருந்தது. பழைய சில நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் கிடைக்கவில்லை. செல்வந்த நாட்டிலேயே நேற்று வரை ஓடிய கடை இன்று மூடப்படலாம் என்றால், தர்மபுரத்தில் உள்ள சங்கம் முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டாமா?

எப்படி ஆயத்தமாவது? நான் படித்த அதிகாரி அல்ல. பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்தவன். ஆனாலும் வியாபாரி என்ற முறையில் சிலவற்றைச் சொல்லலாம்.

முதலாவது, தனது வாடிக்கையாளர் யார் என்பதை இந்தச் சங்கங்கள் விளங்கிக் கொள்ள வேண்டும். இதுவரை அவர்கள் காசு தரும் நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினார்கள். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்பதே கணக்கு. பயிற்சி பெற்ற எத்தனை பேர் ஆறு மாதம் கழித்துச் சம்பளம் எடுக்கிறார்கள் என்று கேட்பார் இல்லை. சந்தையில் விலைபோகாத சாமானை வாங்கி அடுக்கியது போல, ஊர் முழுக்கத் தையல் பயிற்சியும் மெழுகுதிரிப் பயிற்சியும் கொடுத்தார்கள். போருக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்து விட்டன. ஆயத்த உடை கொழும்பில் இருந்து மலிவாக வருகிறது. வீட்டில் ஒரு மெஷினை வைத்துக்கொண்டு அதோடு எப்படிப் போட்டியிடுவது? முதலில் பரந்தன் தொடங்கிப் புதுக்குடியிருப்பு வரை உள்ள கடை, அரிசி ஆலை, பட்டறை, களஞ்சியம் எல்லாவற்றிலும் ஏறி இறங்கி, எங்கே என்ன ஆள் தேவை என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். பிறகுதான் பயிற்சி. கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் 2016 முதல் இயங்குகிறது. அப்படியான இடங்களோடு தொடர்பு வைத்தால் எல்லாவற்றையும் சங்கமே கற்பிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வேலையில் சேர்த்து விட்ட பிறகும் கூட நிற்க வேண்டும். இதில் என் சொந்த அனுபவம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு கால் இழந்த தம்பி ஒருவரை இருப்புக் கணக்கு எழுத எடுத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை. மூன்று வாரத்தில் நின்று விட்டார். எனக்குக் கோபம். பிறகுதான் தெரிந்தது, கணக்கு மேசை மேல்மாடியில். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கி, செயற்கைக் கால் உரசிப் புண்ணாகியிருக்கிறது. சொன்னால் வேலை போய் விடுமோ என்று பயந்து சொல்லாமலே போய் விட்டார். மேசையைக் கீழே இறக்க எனக்கு அரை மணித்தியாலம் போதும். பிழை என்னுடையது. ஆனால் அவரை அனுப்பியவர்களில் யாராவது ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் அந்தப் பிழையைக் காட்டியிருப்பார்கள்.

பிறகு காது கேளாத ஒரு தங்கச்சி பொதி கட்டும் வேலைக்கு வந்தார். அவரோடு வந்த கள உத்தியோகத்தர் ஒரு நாள் முழுக்க மூலையில் இருந்து எங்கள் வேலையைப் பார்த்தார். மாலையில் இரண்டே இரண்டு விடயம் சொன்னார். ஓடரை வாயால் சொல்லாமல் வட்ஸ்அப்பில் போடுங்கள், ஒவ்வொரு ஊர்ப் பொதிக்கும் ஒவ்வொரு நிற அட்டை கட்டுங்கள் என்றார். அந்தத் தங்கச்சி இன்றும் வேலை செய்கிறார். அதை விடப் பெரிய இலாபம், விசுவமடுச் சாமான் முள்ளியவளையில் இறங்கும் பிழை என் கடையில் குறைந்து விட்டது. அவருக்காகச் செய்த ஏற்பாடு எங்கள் எல்லோருக்கும் பயன்பட்டது.

நமக்குத் தெரிந்த ஒரு சம்பவம். அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரின் வீட்டில் இருந்த துணியையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்கள் ஏலத்தில் இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்தார்கள். ஒன்றில் உணவு வாங்கவும் மற்றதில் கோடரி வாங்கவும் சொன்னார்கள். கோடரிக்குத் தமது கையாலேயே பிடி போட்டுக் கொடுத்து, விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாளுக்குப் பிறகு வரச் சொன்னார்கள். அவர் பத்துத் திர்ஹத்தோடு வந்தார். இதை நாம் உழைப்பின் சிறப்புக்காக ஜும்ஆவில் பல முறை கேட்டிருக்கிறோம். நான் இப்போது கவனிப்பது வேறு இரண்டு விடயங்களை. ஒன்று, கோடரிக்குப் பிடி போட்டது. மற்றது, தவணை கொடுத்து விசாரித்தது. நமது நாட்டில் கோடரி கொடுத்தவர்கள் நிறைய. பிடி போட்டவர்களும் திரும்ப விசாரித்தவர்களும் குறைவு.

மூன்றாவது, காசு. கூட நிற்பவருக்கும் வயிறு இருக்கிறது. வெளிநாட்டு உதவி போன பிறகு அவருடைய சம்பளம் எங்கிருந்து வரும்? எனது யோசனை இது. ஒவ்வொரு நகரத்து வர்த்தகர் சங்கமும் இந்த அமைப்புக்களோடு எழுத்தில் உடன்பாடு செய்யட்டும். அவர்கள் அனுப்பும் ஊழியர் ஆறு மாதம் நின்று பிடித்தால் கடைக்காரர் ஒரு தொகையைச் சேவைக் கட்டணமாகக் கொடுக்கட்டும். ஆள் தேடித் தரும் தரகருக்குக் கொடுக்கிறோம்தானே? அதை இவர்களுக்குக் கொடுப்பதில் என்ன நட்டம்?

இதில் ஒரு ஆபத்து உண்டு. கமிஷன் ஒரே அளவாக இருந்தால் சுலபமாக விற்கும் சாமானைத்தான் விற்பனையாளன் தூக்குவான். அது போல லேசான இயலாமை உள்ளவர்களை மட்டும் வேலைக்கு அனுப்பி விட்டு, கஷ்டமானவர்களை மூலையில் உட்கார வைத்து விடுவார்கள். அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்பட்ட பெரிய குற்றச்சாட்டு இதுதான். எனவே இரண்டு கையும் இல்லாதவருக்கு, பார்வை இல்லாதவருக்கு, மூளை வளர்ச்சி குறைந்தவருக்கு வேலை பிடித்துக் கொடுத்தால் கட்டணம் கூடுதலாக இருக்க வேண்டும். சிலருக்கு எந்தக் கடையிலும் வேலை கிடைக்காது என்பதும் உண்மை. அவர்களுக்கு அரசாங்கத்தின் கொடுப்பனவும் நமது ஸகாத்தும் ஸதகாவும் தொடர வேண்டும். வேலை என்று பேசிக் கொண்டு அவர்களின் சோற்றில் கை வைத்து விடக் கூடாது.

நான்காவது, பயத்தைத் தீர்ப்பது. வேலைக்குப் போனால் மாதாந்தக் கொடுப்பனவு வெட்டுப்படுமோ என்று பல குடும்பங்கள் பயப்படுகின்றன. இதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து, வேலையில் சேர முன்பே குடும்பத்துக்குத் தெளிவாகச் சொல்வது சங்கத்தின் கடமை. அது போல முதலாளிமாரின் பயமும் உண்டு. விழுந்து விட்டால் யார் பொறுப்பு, மற்ற ஊழியர்கள் முறைப்பார்களா என்று. அதற்கும் பதில் சொல்லக் கூடிய ஆளாகக் கள உத்தியோகத்தர் இருக்க வேண்டும்.

இனி நமது பக்கம். மாற்றுத்திறனாளி என்பதற்காகச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. 2025 ஏப்ரலில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஈ.பி.எப். 12 வீதம், ஈ.ரி.எப். 3 வீதம் நமது பங்கு. அது அவருக்கும் உண்டு. "வேலை கொடுத்ததே பெரிய விடயம்" என்று நினைத்தால் அது வேலையல்ல, மலிவுக் கூலி. அவரிடம் வேலையையும் முழுதாக எதிர்பார்க்கலாம். பிழை விட்டால் மற்றவரிடம் சொல்வது போலச் சொல்லலாம். இரக்கப்பட்டுச் சொல்லாமல் விடுவதும் ஒரு வகை அவமரியாதையே.

கடை வாசலில் படி இருந்தால் பக்கத்தில் ஒரு சாய்தளம் போடுங்கள். இரண்டு மூன்று பை சீமெந்தில் முடிகிற வேலை. ஊழியருக்கு மட்டுமல்ல, முழங்கால் வலியோடு வரும் உம்மாமாருக்கும் கைவண்டி தள்ளும் நாட்டாமைக்கும் அது உதவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வன்னியில் கால் இழந்த ஒருவரைப் பார்த்தால் சிலருக்கு அவர் எந்தப் பக்கத்தில் நின்றவர் என்ற கேள்வி வருகிறது. எங்கள் சமூகத்துக்கும் அந்தப் போரில் மறக்க முடியாத காயம் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வேலை கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டியது கணக்குத் தெரியுமா, நேரத்துக்கு வருவீரா என்பதே. அந்தப் புத்தளத்து முதலாளி எங்கள் வாப்பாவிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

போன வாரம் தர்மபுரத்துக்கு லொறி போனபோது அந்த இணைப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து விட்டேன். எனது களஞ்சியத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, கணக்கு மேசை கீழ்மாடியில்தான் இருக்கிறது, ஆள் அனுப்பினால் முதல் மாதம் நீங்களும் இரண்டு தடவை வந்து பார்க்க வேண்டும், ஆறு மாதம் நின்றால் சங்கத்துக்குரிய கட்டணம் தரப்படும் என்று எழுதினேன். பில் கொப்பியில் எழுதிக் கொடுக்கும் ஓடர் மாதிரித்தான். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் புத்தளத்திலும் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் ஆளுக்கு ஒரு ஓடர் எழுதினால், அந்த மண்டபத்தின் கதவைத் திறந்து விட்டு அவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டி வராது.